கடலடிச் சேற்றில் பழைய மழை: குமரிக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலடிச் சேற்றைப் படித்து, அந்தக் காலத்தில் எவ்வளவு மழை பெய்தது, எந்த மரம் நின்றது என்று கண்டுபிடிக்கும் வேலையில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். இப்போது கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளிகளிலும் கடற்கரை ஊர்களிலும் அதைப் பற்றிப் பேசி வருகிறேன். முட்டத்தில் ஒருவர் கேட்டதையே மார்த்தாண்டத்தில் இன்னொருவர் கேட்கிறார். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளும், சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

கடலுக்கு அடியில் இருக்கும் சேற்றுக்கும் மலையில் பெய்த மழைக்கும் என்ன சம்பந்தம்?

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, வலுத்ததும் குழித்துறை தாமிரபரணி கலங்கிச் செந்நிறமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் தேங்காப்பட்டணத்தில் கடலில் சேரும்போது மலை மண்ணும், இலைச் சருகும், பூந்தூளும் கூடவே போகின்றன. பழையாறு மணக்குடியில் செய்வதும் அதுவே. கரைக்குப் பக்கத்தில் மணல் விழுந்துவிடும். மெல்லிய தூள் நெடுந்தூரம் மிதந்து போய், அலை தொடாத ஆழத்தில் மெதுவாகப் படியும். மேலே வாழ்ந்து செத்த நுண்ணுயிர்களின் ஓடுகளும் அதன் மேல் வந்து விழும்.

நேற்றைய படிவின் மேல் இன்றையது, அதன் மேல் நாளையது. யாரும் தோண்டாமல், மழை அரிக்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாக இது நடக்கிறது. தரையில் இப்படி ஓர் இடம் கிடைப்பது அரிது. வயலை உழுதுவிடுகிறோம், குளத்தைத் தூர்வாருகிறோம், மலைச் சரிவு ஒவ்வொரு மழைக்கும் கரைகிறது. ஆழ்கடல் மட்டும் வரவை வாங்கி வைத்துக்கொண்டே இருக்கிறது.

சேற்றை எப்படி எடுக்கிறார்கள்? அள்ளினால் கலங்கிவிடாதா?

அள்ளினால் கலங்கித்தான் போகும். அதனால் குழாயை இறக்குகிறார்கள். ஐந்தாறு மீட்டர் நீள இரும்புக் குழாய், அதன் தலையில் பெரிய ஈயப் பாரம், உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை. கப்பலிலிருந்து கம்பிவடத்தில் இறக்கினால், தன் எடையாலேயே சேற்றுக்குள் குத்தி இறங்கும். அடிவாயில் உள்ள விரல் போன்ற தகடுகள் மூடிக்கொள்வதால், மேலே இழுக்கும்போது சேறு நழுவாது. குழாப்புட்டுக் குழலில் மாவும் தேங்காய்த் துருவலும் அடுக்கடுக்காக நிற்பது போல, படிந்த வரிசை கலையாமல் வரும்.

கப்பல் தளத்தில் உறையை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அது ஹைட்ரஜன் சல்பைடு. அப்புறம் நிறம் தெரியும். மேலே பழுப்புப் பச்சை, கீழே போகப் போகச் சாம்பல், நடுவில் திடீரென்று வெளிறிய ஒரு பட்டை. இரண்டு பாதியில் ஒன்றை மூடிக் குளிர்ப்பதன அறையில் வைத்துவிடுவார்கள். 20, 30 ஆண்டு கழித்து வரும் ஒருவருக்கு நம்மிடம் இல்லாத கருவி இருக்கும் என்று எண்ணித்தான் அந்தப் பாதியைத் தொடாமல் வைப்பது. எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த வழக்கம் இது.

நம் மீனவர்களுக்கு இதன் எளிய வடிவம் பழக்கமானதுதான். என் மாமா வள்ளத்தில் போகும்போது, நங்கூரத்தில் ஒட்டி வந்த மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்து, "இது நல்ல சேறு மக்கா, பாரு தள்ளித்தான் கெடக்கு" என்பார். வலை கிழிக்கும் பாறைத் திட்டைத்தான் பார் என்கிறோம். அடிமண்ணை வைத்து இடத்தைச் சொல்லும் அறிவு அவரிடம் இருந்தது. அதே மண்ணை வைத்துக் காலத்தைச் சொல்வது ஆராய்ச்சிக்காரர்களின் வேலை.

இது எண்ணெய் எடுப்பதற்கான துளை வேலையா? மீன்வளம் கெடுமா?

இல்லை. இந்தக் குழாயின் வாய் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலம்தான். அதுவும் ஒரு முறை குத்தி எடுத்ததோடு சரி. எண்ணெய்க் கிணறு பல நூறு, பல ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குத் துளைத்து, ஆண்டுக்கணக்கில் இயங்கும் ஏற்பாடு. அதைப் பற்றிக் கடற்கரை மக்களுக்கு உள்ள கவலை நியாயமானது. அந்தக் கவலையை இந்தக் குழாயின் மேல் ஏற்ற வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு சென்டிமீட்டர் சேறு படிய எவ்வளவு காலம் ஆகும்?

இடத்தைப் பொறுத்தது. பெரிய ஆற்று முகத்தில் வேகமாகப் படியும், நடுக்கடலில் ஆயிரம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். நம் பக்கத்துக் கடலடிச் சரிவில் ஆயிரம் ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் 200 ஆண்டு அடங்கிவிடும். ஐந்து மீட்டர்க் குழாயில் ஒரு லட்சம் ஆண்டு இருக்கும்.

இந்தக் கணக்கிலேயே இந்த முறையின் எல்லையும் தெரிகிறது. புழுக்களும் நண்டுகளும் மேல்மட்டச் சேற்றைக் கிளறிக்கொண்டே இருப்பதால், அடுத்தடுத்த நூற்றாண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 1876-ஆம் ஆண்டுப் பஞ்சத்தை ஆழ்கடல் சேற்றில் தேடினால் கிடைக்காது. அந்த வருஷம் பெய்ததா, பொய்த்ததா என்று கேட்பவர்கள் மர வளையங்களிடமும் குகைப் படிவுகளிடமும்தான் போக வேண்டும்.

அதன் வயது எப்படித் தெரியும்?

சேற்றில் உள்ள நுண்ணோடுகளைப் பொறுக்கி கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை அளக்கிறார்கள். உயிர் போனதும் புதிய கார்பன் சேராது. உள்ள கார்பன்-14-உம் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஏறத்தாழ 50,000 ஆண்டு வரை இது கைகொடுக்கும்.

கடலில் ஒரு சிக்கல் உண்டு. ஆழத்துத் தண்ணீர் நெடுங்காலம் காற்றைத் தொடாமல் கிடந்தது. அது மேலே வந்து கலப்பதால், இன்று உயிரோடு இருக்கும் சிப்பியை அளந்தாலும் சில நூறு ஆண்டு வயது காட்டும். பொதுவாக 400 ஆண்டு என்று கணக்கு வைத்து, அந்தந்தக் கடலுக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கழிக்கிறார்கள்.

இன்னொரு அடையாளம் சாம்பல். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பல் வங்கக் கடலிலும் அரபிக்கடலிலும் எடுத்த சேற்றுக் குழாய்களில் கிடைக்கிறது. கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும் அந்த அடுக்கைப் பார்த்துவிட்டால், காலம் அந்த இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும்.

ஃபோராமினிஃபெரா என்கிறார்களே, அது என்ன?

ஒரே ஒரு செல் உள்ள கடல் உயிர். பல வகைகள் சுண்ணாம்பில் ஓடு கட்டிக்கொள்ளும். உருண்டை உருண்டையாக அறை சேர்த்துக்கொண்டே போகும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. வெறும் கண்ணுக்கு வெள்ளைப் பொடி, நுண்ணோக்கியில் வைத்தால் சிற்ப வேலை.

கன்னியாகுமரியில் சுற்றுலா வருபவர்களுக்கு வண்ண மணலும் அரிசி மணலும் பொட்டலம் போட்டு விற்பது தெரிந்ததே. கல்யாணம் நின்றுபோனதால் அம்மனின் கல்யாண அரிசி மணலாகிப் போனது என்ற கதையையும் கேட்டிருப்பீர்கள். ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் நட்சத்திர மணல் என்று ஒன்று உண்டு. அதற்கும் அங்கே கதை இருக்கிறது. அந்த நட்சத்திரங்கள் முழுக்க முழுக்க ஃபோராமினிஃபெரா ஓடுகள்.

ஆய்வகத்தில் இப்படி நடக்கும். ஒரு சென்டிமீட்டர்த் துண்டை எடுத்து, 63 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் தண்ணீர் விட்டு அலசுவார்கள். சேறு போய்விடும், ஓடுகள் நிற்கும். காயவைத்து, கறுப்புத் தட்டில் பரப்பி, ஈரமான மெல்லிய தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு 300 ஓடாவது எண்ணுவது வழக்கம். முதல் வாரம் கழுத்து பிடித்துக்கொள்ளும், கண் எரியும். மூன்றாவது வாரம், கூட்டத்தில் சொந்தக்காரர் முகம் தெரிவது மாதிரி, இது ரூபர், இது புல்லாய்டிஸ் என்று தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்பதே ஒரு செய்தி. குளோபிஜெரினா புல்லாய்டிஸ் என்பது ஆழத்துக் குளிர்நீர் மேலேறி உணவு செழிக்கும் கடலில் பெருகும் வகை. ஆனியாடிக் காலத்தில் கடல் தண்ணீர் சில்லென்று ஆவதும், அதை ஒட்டிச் சாளையும் நெத்திலியும் கூட்டமாக வருவதும் நம் கரையில் எல்லாருக்கும் தெரியும். காற்று மேல்நீரைத் தள்ளிவிட, கீழிருந்து உரம் நிறைந்த குளிர்நீர் வருகிறது. அந்தத் தண்ணீரை விரும்பும் உயிர்தான் புல்லாய்டிஸ். பழைய சேற்றில் அது கூடினால், அந்தக் காலத்தில் காற்று இங்கே கடலைப் பலமாகக் கிண்டியது என்று பொருள்.

அந்த ஓட்டிலிருந்து கடலின் சூடும் மழையும் எப்படித் தெரிகிறது?

ஓட்டில் உள்ள ஆக்சிஜன் இரண்டு வகை: எடை குறைந்த 16, எடை கூடிய 18. கடல் நீர் ஆவியாகும்போது லேசானது சற்று எளிதாக மேலே போகும். பனியுகத்தில் அந்த லேசான நீர் துருவத்துப் பனியாக நிலத்திலேயே தங்கிவிட்டதால், கடலில் கனமானது மிஞ்சியது. தண்ணீர் குளிர்ந்திருந்தாலும் ஓட்டில் கனமானது கூடும். மழையும் ஆற்று நீரும் நிறையக் கலந்தால் லேசானது கூடும்.

ஆக, ஒரே எண்ணுக்குள் பனி, சூடு, மழை என்று மூன்று கதை. சேசாரே எமிலியானி 1955-இல் இதை முதன்மையாக வெப்பக் கணக்காகப் படித்தார். நிக்கோலஸ் ஷாக்கிள்டன் 1960-களிலேயே, அதில் பெரும்பங்கு பனியின் கணக்கு என்று காட்டினார். இந்தத் திருத்தம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எண் தப்பவில்லை, அதைப் படித்த விதம்தான் மாறியது.

மூன்றையும் பிரிக்க இன்னொரு அளவு வேண்டும். ஓட்டின் சுண்ணாம்பில் கால்சியத்தோடு கொஞ்சம் மக்னீசியமும் சேரும். நீர் ஒரு டிகிரி சூடானால் அந்த விகிதம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். அதே ஓட்டில் இதை அளந்து சூட்டைக் கழித்து, உலகப் பனியின் பங்கையும் கழித்தால், மிஞ்சுவது உப்பின் கணக்கு. உப்பு குறைந்தால் மழையும் ஆறும் கூடியிருக்கின்றன. வங்கக் கடலின் மேல்நீர் கங்கை, பிரம்மபுத்திரா வெள்ளத்தால் உப்பு குறைந்தது, அரபிக்கடல் உப்பு மிகுந்தது. ஆண்டுதோறும் மார்கழி, தைப் பனிக்காலத்தில் நீரோட்டம் திரும்பி, வங்கக் கடல் நீர் இலங்கையைச் சுற்றி நம் முனையைத் தாண்டி மேற்கே போகிறது. குமரிமுனைச் சேற்றில் உப்புக் கணக்குப் போடுபவர் இதையும் மனதில் வைக்க வேண்டும். இங்கே உப்பு குறைந்தது என்றால், மழை நம் தலைமேல் பெய்ததாகவும் இருக்கலாம், வங்காளத்தில் பெய்ததாகவும் இருக்கலாம்.

சரி, காட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மகரந்தத்தால். பூந்தூளின் வெளித்தோல் ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. மண்ணைக் கரைக்கும் அமிலத்துக்கும் அது அசையாது. அந்தத் துணிவில்தான் ஆய்வகத்தில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஊற்றிச் சேற்றில் உள்ள மணல், களிமண் எல்லாவற்றையும் கரைத்துவிட்டு, மகரந்தத்தை மட்டும் நிறுத்துகிறார்கள். அந்த அமிலம் பொல்லாதது, எலும்பு வரை போகும். பயிற்சி இல்லாதவர் பக்கத்தில் போகக் கூடாது.

ஒவ்வொரு செடிக்கும் மகரந்தத்தின் உருவம் வேறு. கண்டலும் அலையாத்தியும் வந்தால் கழிமுகம் செழித்திருந்தது, ஆறு நன்றாக ஓடியது. உமரி போன்ற உப்புநிலச் செடிகளின் குடும்பம் கூடினால் வறட்சி, அல்லது கடல் பின்வாங்கிய உவர்நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் நாகியா என்ற ஒரு கூம்புத் தாவர மரம் இயல்பாக வளர்கிறது. இரண்டு காற்றுப் பைகள் கொண்ட அதன் மகரந்தம் ஒன்று கண்ணில் பட்டால், அகத்தியமலைக் காட்டுத் துளி ஒன்று கடல் வரை வந்ததாகக் கொள்ளலாம். புல் மட்டும் கையை விரிக்கும். நெல்லும் மூங்கிலும் அருகும் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒரே உருண்டைதான்.

நம் கரையில் பயன்படக்கூடிய ஒரு காலக்குறி சவுக்கு. இந்தியக் கடற்கரைகளில் அதைப் பரவலாக நட்டது 19-ஆம் நூற்றாண்டில். காற்றில் ஏராளமாகத் தூள் விடும் மரம் அது. சவுக்குத் தூள் மண்டிய அடுக்கு வந்தால் நாம் இன்னும் கொள்ளுத் தாத்தா காலத்தைத் தாண்டவில்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தில் தணிகைமணியைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கணபதி தணிகைமணி, 1938-இல் பிறந்தவர், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் மகரந்த ஆய்வை வளர்த்தவர். உலகம் முழுக்கப் பூக்கும் தாவரங்களின் மகரந்தம் பற்றி வெளியான ஆய்வுகளுக்கெல்லாம் அவர் தொகுத்த சுட்டி, கணினி பரவாத காலத்தில் இந்தத் துறைக்கே ஊன்றுகோலாக இருந்தது. அலையாத்திக் காடுகளின் மகரந்தத்தைப் பற்றியும் எழுதினார். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் உயிரிழந்தார். அப்போது வயது 48. புதுச்சேரியில் உள்ள மகரந்தக் கண்ணாடித் தகடுகளின் தொகுப்பை இன்றும் ஆய்வாளர்கள் தேடிப் போகிறார்கள்.

மகரந்தம் இல்லாமல் போனால்?

அப்போது இலை மெழுகு. சேம்பிலையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து மாதிரி உருண்டு ஓடும், இலை நனையாது. வாழையிலையின் அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தால் வெண்சாம்பல் பூச்சு ஒட்டும். அந்த மெழுகு காற்றிலும் ஆற்றிலும் பயணித்துக் கடலடியில் போய்ச் சேர்ந்தால், இலை மக்கிய பிறகும் பல்லாயிரம் ஆண்டு நிலைக்கும். 29, 31, 33 என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் கோத்த சங்கிலிகள் மிகுந்திருப்பது நிலத்துத் தாவரத்தின் கையெழுத்து.

அந்தக் கார்பனிலும் 12, 13 என்று எடை வேறுபாடு உண்டு. ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தை வைத்துச் செடிகளை சி3, சி4 என்று பிரிப்பார்கள். மரங்கள், நெல், வாழை எல்லாம் சி3 வகை. சோளம், கம்பு, கரும்பு, அருகம்புல், வெப்பநாட்டுப் புல்வெளிகள் எல்லாம் சி4 வகை. வெயிலையும் வறட்சியையும் தாங்கும் சி4 செடிகளில் கனமான கார்பன் கூடுதல். மெழுகில் கார்பன்-13 ஏறினால் காடு சுருங்கிப் புல் விரிந்தது எனலாம்.

இந்த வழியில் தென்னாட்டுக்கு இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு. ஒன்று கடல் இல்லை, மலை. நீலகிரியின் சதுப்பு மண்ணில் கார்பனை அளந்து 1993-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுக் கணக்கு அது. பனியுக உச்சத்தின் வறட்சியில் புல் மேலோங்கியதும், பிறகு ஈரம் கூடிக் காட்டுச் செடிகள் மீண்டதும் அதில் தெரிந்தது. இன்னொன்று கோதாவரி முகத்துக்கு அப்பால் எடுத்த கடலடிச் சேறு. 2012-இல் வெளியான அந்த ஆய்வில், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்னும், மறுபடி 1,700 ஆண்டுகளுக்கு முன்னும் வறட்சி தாங்கும் செடிகளின் மெழுகு கூடியது. நான் ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்வேன்: அந்தக் காலத்தில் மனிதனும் காட்டை வெட்டிக் கம்பும் சோளமும் விதைக்கத் தொடங்கியிருந்தான். மெழுகுக்கு அது மழைக் குறைவா, கோடரியா என்று தெரியாது. மகரந்தத்தையும் கரித்துகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும்.

நம் குமரிமுனைக்குப் பக்கத்தில் யாராவது சேறு எடுத்திருக்கிறார்களா?

எடுத்திருக்கிறார்கள். 1977-இல் மரியோன் துஃப்ரேன் என்ற பிரெஞ்சு ஆய்வுக் கப்பல் எடுத்த எம்டி77-191 என்ற குழாய் அது. குமரிமுனையிலிருந்து தென்மேற்கே நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் அளவில், 1,250 மீட்டர் ஆழத்தில் எடுத்தது. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு அது போய்வந்த கடல்தான்.

அந்தச் சேற்றில் புல்லாய்டிஸை எண்ணி, ஓமன் கரையில் எடுத்த சேற்றோடு ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. இன்று இரண்டு இடத்திலுமே கோடைக் காற்றுதான் கடலைக் கிண்டிச் செழிப்பாக்குகிறது. அதனால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சேறு வேறு சொன்னது. ஓமனில் 9,000 ஆண்டுகளுக்கு முன் செழிப்பு உச்சத்தில் இருந்து, அதன்பின் குறைந்து வந்தது. குமரிமுனையில் அதே 9,000 ஆண்டுகளுக்கு முன் மிகக் குறைவாக இருந்து, இன்று வரை ஏறி வந்திருக்கிறது.

பருவக்காற்று மொத்தமாக வலுத்த காலத்தில் அதன் பாதை இடம் மாறியதுதான் இதற்கு விளக்கம். ஓமன் பக்கம் பலமாக அடித்த காற்று, நம் முனையில் கடலைக் கிண்டும்படி அடிக்கவில்லை. "பருவமழை கூடியது" என்று ஒற்றை வரியில் சொல்வது ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆடி மாதம் குளச்சலில் சாளை வந்து குவியும் இந்தச் செழிப்பு எக்காலத்துக்கும் ஒரே அளவில் இருந்ததில்லை.

20,000 ஆண்டுகளுக்கு முன் இந்த மாவட்டம் எப்படி இருந்திருக்கும்?

கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. இன்று நம் விசைப்படகுகள் மீன் தேடிப் போகும் வாட்ஜ் பேங்க் என்ற கடலடித் திட்டின் ஆழம் குறைந்த பகுதிகள் அன்று தரை. பாக் நீரிணையும் தரை, இலங்கைக்கு நடந்தே போகலாம். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருந்தது. கோடைப் பருவமழை மெலிந்திருந்தது. எலிஸ் வான் காம்போ 1986-இல், இந்தியாவின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் எடுத்த இரண்டு குழாய்களின் மகரந்தத்தைப் படித்து வெளியிட்டார். பனியுக உச்சத்தில் வறட்சி, அப்புறம் ஈரம் ஏறி, 11,000 ஆண்டுகளுக்கு முன் அளவில் மழை மிகுந்த காலம் என்பது அவர் கண்ட வரிசை.

அன்று பழையாறு மணக்குடியில் நிற்காமல் இன்னும் தெற்கே தரையில் ஓடித்தான் கடலைச் சேர்ந்திருக்கும். மலையின் ஈரமான மடிப்புகளில் மழைக்காடு ஒடுங்கித் தப்பியிருக்கும் என்பது என் எண்ணம். அகத்தியமலையில் இன்று இத்தனை பழைய இனங்கள் உயிரோடு இருப்பதற்கு வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் குமரிக்கண்டம் உண்மைதானே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. கேட்பவரின் மனதில் உள்ள பற்று எனக்கும் உண்டு, அதனால் நேராகவே சொல்கிறேன். பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுக்குள் போன செய்தி சிலப்பதிகாரத்தில் வருகிறது. பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது குமரிக்குத் தெற்கே தரை மூழ்கியதும் உண்மை. ஏறத்தாழ 14,500 ஆண்டுகளுக்கு முன், பனி வேகமாக உருகிய சில நூற்றாண்டுகளில், கடல் ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு ஏறியது. அறுபது வயது வாழ்ந்த ஒருவர் தன் கண்ணாலேயே இரண்டு மீட்டருக்கு மேல் ஏறியதைப் பார்த்திருப்பார். தட்டையான கரையில் அது கிலோமீட்டர் கணக்கில் நிலம் போவது.

ஆனால் மூழ்கியது கண்டத்திட்டின் விளிம்பு வரை உள்ள நிலம். அதைத் தாண்டினால் கடலடி ஆயிரக்கணக்கான மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. அங்கே கிடப்பது கடலடிப் பாறையும், நெடுங்காலமாகக் கடலிலேயே படிந்த சேறும். மடகாஸ்கர் வரை நீண்ட ஒரு கண்டம் மனிதர் வாழ்ந்த காலத்தில் அங்கே இருந்திருந்தால், அந்தச் சேற்றுக் குழாய்களில் ஓர் இடத்தில் மண்ணும் வேரும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. லெமூரியா என்ற பெயரே, 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் லெமூர் விலங்குகள் பரவிய விதத்தை விளக்க வைத்தது. பின்னால் கண்டங்கள் நகர்வது தெரிந்ததும் அந்தத் தேவை தீர்ந்துவிட்டது. மூழ்கிய நிலத்தின் நினைவு நம் இலக்கியத்தில் தங்கியிருக்கலாம். அதன் அளவைச் சேறுதான் சொல்ல வேண்டும்.

மழை ஏன் அப்படிக் கூடிக் குறைந்தது? அப்போது கார், ஆலை எதுவும் இல்லையே.

பூமி சூரியனைச் சுற்றும் விதம் மெதுவாக மாறுகிறது. இன்று ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. 11,000 ஆண்டுகளுக்கு முன் ஆனி, ஆடி மாதங்களில் அருகில் இருந்தது. வடபாதிக் கோடைக்கு வெயில் கூடுதலாகக் கிடைத்தது, ஆசிய நிலம் அதிகமாகச் சூடேறி, கடல் காற்றைப் பலமாக இழுத்தது. இந்தச் சுழற்சி ஏறத்தாழ 23,000 ஆண்டு. பூமியின் சாய்வுக்கு 41,000 ஆண்டு, பாதையின் வடிவத்துக்கு 1,00,000 ஆண்டு. இந்தத் தாளங்கள் மூன்றும் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எடுத்த சேற்றிலேயே பதிந்திருப்பதை ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் 1976-இல் காட்டினார்கள்.

இன்றைய சூடேற்றத்துக்கு இது காரணமாகாது. இந்த மாற்றம் ஆயிரம் ஆண்டுக் கணக்கில் நடப்பது, நாம் பார்ப்பது ஒரு நூற்றாண்டுக்குள் நடப்பது.

நமக்குத்தான் இரண்டு மழையாயிற்றே. சேறு எந்த மழையைச் சொல்கிறது?

நல்ல கேள்வி. கேட்டது ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி. இடவப்பாதி மழையும் துலா மாத வடகிழக்கு மழையும் சேர்ந்து நனைக்கும் மாவட்டம் இது. கல்குளமும் விளவங்கோடும் மேற்கு மழையில் செழிக்கும், தோவாளைப் பக்கம் அவ்வளவு கிடைக்காது. ஒரு சென்டிமீட்டரில் 200 ஆண்டு அடங்கும்போது, ஜூனும் நவம்பரும் ஒன்றாகக் கலந்துதான் கிடக்கும். எந்த ஃபோராமினிஃபெரா எந்த மாதம் பெருகுகிறது என்பதை வைத்து ஓரளவு பிரிக்கலாம். இந்தியப் பருவமழை பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை தென்மேற்குப் பருவத்தைப் பற்றியவை. வடகிழக்குப் பருவமழையின் பழைய கதை இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும். அதை எழுத நம் கடலைவிட ஏற்ற இடம் குறைவு.

ஓகி மாதிரிப் புயலும் 2004 சுனாமியும் சேற்றில் தெரியுமா?

ஆழ்கடல் சேற்றில் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காயலும் கழிமுகமும் வேறு. பெரிய அலை கடல் மணலை வாரிக்கொண்டு வந்து களிமண் மேல் விரித்துவிட்டுப் போகும். அந்த மணல் பட்டையில் கடலில் மட்டுமே வாழும் நுண்ணோடுகள் இருந்தால், அலை உள்ளே வந்தது உறுதி. அது சுனாமியா, புயலா என்று பிரிப்பது கடினம். 2004 டிசம்பர் 26-இல் மணக்குடிப் பாலத்தைத் தூக்கி எறிந்த அலை, 2017 நவம்பர் 30-இல் ஓகியில் சிக்கி வீட்டுக்குத் திரும்பாதவர்கள், இவையெல்லாம் இங்கே கேள்வி கேட்பவர்களின் சொந்த வீட்டுத் துக்கம். இதற்குமுன் எப்போது, எத்தனை முறை என்று தெரிந்துகொள்ளக் காயல் சேற்றைப் படிப்பது அவசியமான வேலை என்று நான் நினைக்கிறேன்.

இதைப் படிக்க எங்கே போக வேண்டும்?

புவியியல், தாவரவியல், விலங்கியல், வேதியியல் எதில் இளங்கலை முடித்தாலும் வழி உண்டு. கோவாவில் 1966 முதல் இயங்கும் தேசியக் கடலியல் நிறுவனம், மகரந்தத்துக்கு லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனமும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும், கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக மையம். கடலில் வாந்தி எடுக்காத வயிறு இருந்தால் பாதி வேலை முடிந்தது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது பிறவியிலேயே இருக்கிறது.

ஃபோராமினிஃபெராவை நாங்களே பார்க்க முடியுமா?

முடியும். மணக்குடிக் காயலில் தண்ணீர் வற்றும் நேரம், அலையாத்தி வேர்களுக்குப் பக்கத்தில், மேலாக ஒரு தேக்கரண்டிச் சேறு எடுங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம். பழைய வேட்டித் துணியில் கட்டி, வாளித் தண்ணீரில் கலங்கல் நிற்கும் வரை அலசுங்கள். துணியில் மிஞ்சியதைக் காகிதத்தில் பரப்பி வெயிலில் காயவையுங்கள். அப்புறம் கறுப்பு அட்டையில் ஒரு சிட்டிகை தூவி, நல்ல உருப்பெருக்கி வழியாகப் பாருங்கள், பள்ளி நுண்ணோக்கி இருந்தால் இன்னும் நல்லது. மணல் கண்ணாடி மாதிரி மின்னும். அதற்கு நடுவில் மினுக்கம் இல்லாமல், பால் வெள்ளையில், குட்டி நத்தை போலச் சுருண்ட ஒன்று கிடக்கும். சுருளுக்குள் கோடு கோடாக அறை பிரிந்திருந்தால் அது நத்தை இல்லை. கழிமுகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் அம்மோனியா என்ற வகையாக இருக்கும். அறைகளை எண்ணிப் பாருங்கள்.